மங்கிய கண்ணாடியின் விலை

வெப்ப நாடுகளில் வாழ்வோர் யன்னலைக் காற்றுக்காகவே வைப்பர். கடற்காற்றும் வயற்காற்றும் ஒருபுறம் புகுந்து மறுபுறம் செல்லவேண்டும் என்பதே இலங்கையில் வீடு கட்டுவோரின் முதல் எண்ணமாகும். குளிர் நாடுகளில் யன்னலின் தொழில் வேறு. அங்கே அது ஒளியை உள்ளே விடவேண்டும். காற்றையும் குளிரையும் வெளியே நிறுத்தவேண்டும். வாயுவையோ எண்ணெயையோ எரித்து வீட்டினுள் உண்டாக்கிய வெப்பத்தை வெளியேறவிடாது காக்கவேண்டும். ஒளிக்கு வழிவிட்டு வெப்பத்திற்கு வழிமறிக்கும் இந்தக் கடமையைச் செய்வதற்கெனத் தோன்றியதே இரட்டைக் கண்ணாடி யன்னல்.

பிரித்தானியாவில் இன்று பெரும்பாலான வீடுகளில் இவ்வகை யன்னல்களே உள்ளன. அவற்றுட் பல இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பொருத்தப்பட்டவை. பொருத்திய நாளிற் பளிங்குபோல் இருந்த கண்ணாடியில் ஒருநாட் காலை ஒரு மூலையில் மெல்லிய பனிப்படலம் தோன்றுகிறது. துணிகொண்டு துடைத்தாற் போகவில்லை. வெளியே சென்று துடைத்தாலும் போகவில்லை. ஏனெனில், அது இரு கண்ணாடிகளுக்கும் இடையில் இருக்கிறது. வீட்டுக்காரர் விசாரிக்கிறார். ஒருவர் நூறு பவுணில் முடியும் என்கிறார். மற்றொருவர் வீட்டு யன்னல்கள் அனைத்தையும் மாற்றவேண்டும், ஐயாயிரம் பவுண் ஆகும் என்கிறார். ஒரே நோய்க்கு இத்துணை வேறுபட்ட விலைகளிலே மருந்து எழுதப்படுவதன் காரணம் யாது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இப்பொருள் இலங்கை நேயர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இலண்டன் மாநகரின் ஹரோ, ஈஸ்ட் ஹாம், ரூட்டிங் முதலிய பகுதிகளில் இந்நாட்டிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல வீடு வாங்கி வாழ்கின்றன. யன்னலைப் பற்றிய அறிவு பரம்பரையாக வந்து சேராத அக்குடும்பங்கள், விற்பவர் சொல்வதை அப்படியே நம்பவேண்டிய நிலையிலே இருப்பது இயல்பு.

முதலில் இப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இரு கண்ணாடிகளை இடைவெளிவிட்டு ஒன்றாக அடைத்து வைத்தாற் குளிர் குறையும் என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரைச் சேர்ந்த தோமஸ் ஸ்ரெற்சன் என்பவர் 1865ஆம் ஆண்டிலேயே இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். ஆயினும், அடைப்பு நெடுங்காலம் நிலைத்திருக்கும் வகையில் அதனைத் தொழிற்சாலையிற் செய்யும் முறை 1930களிலேதான் உருவாயிற்று. அமெரிக்கரான சார்ள்ஸ் ஹேவன் அம்முறையை வகுத்தார். அது ‘தேர்மோபேன்’ என்னும் பெயருடன் சந்தைக்கு வந்தது. உருமேனிய நாட்டு மக்கள் இன்றும் எந்த இரட்டைக் கண்ணாடி யன்னலையும் அந்த வணிகப் பெயராலேயே வழங்குகின்றனர்.

பிரித்தானியாவில் அலஸ்ரெயர் பில்கிங்ரன் என்பவர் உருகிய ஈயத்தின் மீது அன்று, உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு, மட்டமான தட்டாக்கும் முறையைக் கண்டார். 1959ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அம்முறையினால், தேய்த்து மெருகிடும் செலவின்றியே தெளிவான கண்ணாடி மலிவாகக் கிடைக்கலாயிற்று. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, வெப்பத்தைச் சேமிப்பது நாடுகளின் கவலையாயிற்று. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் இரட்டைக் கண்ணாடியும் வெண்ணிறப் பிளாஸ்ரிக் சட்டமும் பிரித்தானியத் தெருக்களின் தோற்றத்தையே மாற்றிவிட்டன. வீடுவீடாகச் சென்று யன்னல் விற்போரும் அக்காலத்திலேயே பெருகினர்.

இனி, அதன் அமைப்பைப் பார்ப்போம். யன்னல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று உறுப்புகள் உள்ளன. சுவரோடு பொருந்திய சட்டம் ஒன்று. திறந்து மூட உதவும் பிணைச்சல், கைபிடி, பூட்டு, இறப்பர்ப் பட்டி ஆகியவை இரண்டாவது. சட்டத்தினுள் அமர்ந்திருக்கும் கண்ணாடித் தொகுதி மூன்றாவது. இம்மூன்றும் ஒரே நாளிற் பொருத்தப்பட்டாலும் ஒரே நாளிற் பழுதாவதில்லை. இந்த ஒரு உண்மையை மனத்திற் கொண்டால், யன்னற் செலவு பற்றிய குழப்பத்திற் பாதி நீங்கிவிடும்.

கண்ணாடித் தொகுதி என்பது, பெரும்பாலும் நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு கண்ணாடித் தட்டுகளையும் அவற்றின் இடையே வாயுப் படலம் ஒன்றையும் உடையது. இக்காலத் தொகுதிகளில் அந்த இடைவெளி 16 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்கும். விளிம்பைச் சுற்றி ஓர் இடைச்சலாகை ஓடுகிறது. அச்சலாகை உள்ளே பொள்ளானது. அதனுள் ஈரத்தை உறிஞ்சும் சியோலைற்று மணிகள் நிரப்பப்பட்டிருக்கும். சலாகைக்கும் கண்ணாடிக்கும் இடையிற் பியூற்றைல் வகைப் பசை ஒன்றும், அதற்கு வெளியே பொலிசல்பைட்டு, சிலிக்கோன் போன்ற வலிய பசை ஒன்றும் இடப்படும். முதற்பசை ஈரத்தைத் தடுக்கும். இரண்டாவது பசை தட்டுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இடைவெளியில் முன்னாளில் உலர்ந்த வளியே இருந்தது. இந்நாளிற் பெரும்பாலும் ஆகன் வாயு நிரப்பப்படுகிறது. உட்பக்கக் கண்ணாடியின் மீது கண்ணுக்குப் புலப்படாத மிக மெல்லிய உலோகப் பூச்சு ஒன்றும் இடப்படுகிறது. அறையின் வெப்பக் கதிர்களை அது அறைக்கே திருப்பி அனுப்புகிறது.

இத்தொகுதி ஏன் பழுதாகிறது? அது ஒவ்வொரு நாளும் மூச்சு விடுகிறது என்று சொன்னாற் பிழையாகாது. அடைபட்ட வாயு வெயிலிற் சூடாகும்போது விரிய முயல்கிறது. இரவிற் குளிரும்போது சுருங்குகிறது. வெப்பநிலை மூன்று பாகை மாறினால், அடைபட்ட வாயுவின் அமுக்கம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மாறும். கோடைப் பகலில் வெயில்படும் யன்னலில் இம்மாற்றம் பத்து மடங்குக்கும் மேலாகும். தட்டுகள் சற்று வெளியே வளைகின்றன. பின்னர் உள்ளே வளைகின்றன. ஆண்டுக்கு முந்நூற்றறுபத்தைந்து முறை விளிம்புப் பசை இழுபட்டு நெருக்கப்படுகிறது. எத்துணை நல்ல பசையாயினும் அணுவணுவாக நீராவி உட்புகவே செய்யும். உட்புகும் நீராவியைச் சியோலைற்று மணிகள் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அவை நிரம்பி, இனி உறிஞ்ச இடமில்லை என்ற நிலை வரும்போது, குளிர்ந்த கண்ணாடியின் உட்புறத்திற் பனிப்படலம் தோன்றுகிறது. எனவே, பனிப்படலம் தோன்றும் நாள் பழுது தொடங்கிய நாளன்று. அது நெடுநாளாக நடந்துவந்த ஒன்று முடிவுற்ற நாளாகும்.

நல்ல முறையிற் செய்து பொருத்தப்பட்ட தொகுதி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். ஆயின் ஐந்தாறு ஆண்டுகளிலேயே மங்கிவிடும் தொகுதிகளும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். சட்டத்தினுட் புகும் மழைநீர் வடிந்து போவதற்கென அடிப்பாகத்திலே சிறு துளைகள் இருக்கும். அவை தூசியாலும் பாசியாலும் அடைபட்டால், தொகுதியின் கீழ்விளிம்பு நாட்கணக்கில் நீரில் நிற்கும். நீரில் நிற்கும் பசை விரைவிற் கெடும். தொகுதியைச் சட்டத்தின் அடியிலே படாமல் உயர்த்தி வைக்கும் தாங்குகட்டைகளைத் தொழிலாளர் ஒழுங்காக வைக்காவிடினும் இதே கதிதான். பழைய மரச்சட்டங்களில் ஆளிவிதை எண்ணெய் கலந்த புட்டியினால் தொகுதியைப் பொருத்தினால், அவ்வெண்ணெய் பசையைத் தாக்கும். ஆகவே, காரணத்தைத் தீர்க்காமற் கண்ணாடியை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழே புதுப்பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

செலவைப் பற்றி எண்ணுவதற்கு முன், பனிப்படலம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறிதல் அவசியம். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். அறைப்பக்கத்திற் படிந்தால், அது வீட்டினுள் இருக்கும் ஈரத்தின் அறிகுறி. சமையலாலும் குளியலாலும், துணிகளை வீட்டினுள்ளே உலர்த்துவதாலும் அது பெருகும். காற்றோட்டம் செய்வதே அதற்கு மருந்து. புதிய யன்னல் வாங்குவது மருந்தன்று. வெளிப்பக்கத்தில் விடியற்காலையிற் படிந்து, வெயில் ஏறியதும் மறைந்தால், அது குறையே அன்று. அறையின் வெப்பம் வெளியே கசியாமையால் வெளிக்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். நல்ல யன்னல் தரும் நற்சான்று அது. இரண்டு பக்கமும் அன்றி நடுவிலே படிந்திருந்தால் மட்டுமே தொகுதி பழுதாயிற்று எனக் கொள்ளவேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமையினாற் பழுதற்ற யன்னல்களை மாற்றியோரும் உளர்.

அடுத்து எழுவது மிக முக்கியமான வினா. மங்கிய தொகுதி எதனை இழந்துவிட்டது? காட்சித் தெளிவை இழந்துவிட்டது என்பது கண்கூடு. வெப்பத்தைக் காக்கும் ஆற்றலை அது அடியோடு இழந்துவிட்டது என்று விற்போர் பலர் கூறுவர். அது சரியன்று. வெப்பக் கசிவை அளப்பதற்கு ஓர் அளவு உண்டு. கண்ணாடியின் இருபக்க வெப்பநிலைகளும் ஒரு பாகை வேறுபடும்போது, ஒரு சதுர மீற்றர் வழியே எத்தனை உவாற்று வெப்பம் கசிகிறது என்பதே அவ்வளவு. ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 5.7. உலோகப் பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 2.8. பூச்சும் ஆகனும் உள்ள புதிய தொகுதிக்கு ஏறத்தாழ 1.2. புதிய தொகுதியிலுள்ள ஆகன் முழுவதும் நீங்கி வளி புகுந்தால், அது 1.4 அளவுக்கு உயரும். பழைய தொகுதியிலோ ஆகன் பெரும்பாலும் இருந்ததே இல்லை. இழப்பதற்கு அதிகம் இல்லை. இடைவெளி இருக்கும்வரை, மங்கிய இரட்டைக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியை விடக் குளிரை நன்றாகவே தடுக்கும். எனவே, மங்கிய கண்ணாடி அவசர நோயன்று. வீட்டுக்காரர் அமைதியாக எண்ணுவதற்கு நேரம் உண்டு.

இனி, பரிகாரங்களும் அவற்றின் செலவும். பரிகாரங்கள் மூன்று.

முதலாவது, இருக்கும் தொகுதியை உலர்த்துதல். கண்ணாடியிற் சிறு துளையிட்டு, உள்ளிருக்கும் ஈரத்தைப் போக்கி, துளையைச் சிறு அடைப்பானால் மூடுவர். இதற்கு ஆகும் செலவு புதுத்தொகுதியின் செலவிலும் குறைவு. ஆயினும் இதன் பயனும் குறைவே. துளையிட்டபின் ஆகன் வாயு நில்லாது. நெடுநாள் ஈரத்தாற் கண்ணாடியில் ஏற்பட்ட வெண்கறையும், அரித்துப்போன உலோகப் பூச்சும் உலர்த்துவதால் மீளமாட்டா. பதப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடியானாற் துளையிடவே இயலாது. துளையிட முயன்றால் முழுத்தட்டும் நொறுங்கிவிடும். கழற்றுதற்கு அரிய இடங்களில் மட்டும் இம்முறையைச் சிந்திக்கலாம்.

இரண்டாவது, சட்டத்தை அப்படியே விட்டுக் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றுதல். பிளாஸ்ரிக் சட்டங்களிற் கண்ணாடியைப் பிடித்திருக்கும் செருகுசட்டங்கள் நான்கையும் கழற்றி, பழைய தொகுதியை எடுத்து, அதே அளவும் தடிப்பும் உள்ள புதிய தொகுதியை வைத்து மூடுவர். பழகிய தொழிலாளிக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைந்த வேலை. அண்மை ஆண்டுகளிற் பிரித்தானியாவில் இதற்கு, நடுத்தர அளவான ஒரு தொகுதிக்குக் கூலியும் சேர்த்து, ஏறத்தாழ 100 முதல் 200 பவுண் வரை கேட்கப்படுகிறது.

மூன்றாவது, சட்டத்தோடு யன்னல் முழுவதையும் மாற்றுதல். சாதாரணப் பிளாஸ்ரிக் யன்னல் ஒன்றுக்கு ஏறத்தாழ 500 முதல் 1000 பவுண் வரையாகும். மரச்சட்டமானால் இதனினும் மிகும். இடத்திற்கும் அளவிற்கும் ஏற்ப இவ்விலைகள் கூடியும் குறைந்தும் வரும். ஆயினும் இரண்டாம் பரிகாரத்திற்கும் மூன்றாம் பரிகாரத்திற்கும் இடையே ஐந்து மடங்களவு வேறுபாடு இருப்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

ஒரு தொகுதியின் விலை எவற்றால் அமைகிறது என்பதும் அறியத்தக்கது. கண்ணாடியின் பரப்பு ஒன்று. ஆனால் பரப்பு இருமடங்கானால் மொத்தச் செலவு இருமடங்காவதில்லை. ஏனெனில், செலவின் பெரும்பகுதி தொழிலாளி வந்து அளவெடுப்பதற்கும், மீண்டும் வந்து பொருத்துவதற்கும் உரியது. ஆகவே, மூன்று தொகுதிகள் மங்கியிருந்தால், மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுவது மலிவு. கண்ணாடியின் வகை இரண்டாவது காரணம். கதவுகளிலும், கதவை அடுத்த பக்கங்களிலும், தரையிலிருந்து 800 மில்லிமீற்றருக்குக் கீழுள்ள யன்னல்களிலும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அதன் விலை கூடுதல். உயரம் மூன்றாவது. மேல்மாடி யன்னலை வெளியிலிருந்தே கழற்றவேண்டுமானால் ஏணியும் சாரமும் தேவைப்படும். கண்ணாடியின் பாரமும் சிறிதன்று. நான்கு மில்லிமீற்றர்த் தட்டு இரண்டு சேர்ந்தால், ஒரு சதுர மீற்றருக்கு இருபது கிலோகிராம் நிறை வரும். அலங்காரக் கம்பிகள், வளைந்த வடிவம், வண்ணக் கண்ணாடி ஆகியவையும் விலையை உயர்த்தும். மேலும், கண்ணாடி ஏறத்தாழ 1500 பாகை வெப்பத்தில் உருக்கப்படும் பொருளாதலால், எரிபொருள் விலை ஏறும்போது கண்ணாடியின் விலையும் ஏறும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக நூற்றுக்கு 20 வீதம் விற்பனை வரி உண்டு. சொல்லப்படும் விலையில் வரி அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளல் நன்று.

“புதிய யன்னல் போட்டால், சேமிக்கும் வெப்பத்தினால் அதன் விலை திரும்பிவிடும்” என்று சொல்லப்படுவது வழக்கம். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய இரட்டைக் கண்ணாடியின் கசிவு 2.8, புதியதன் கசிவு 1.2, வேறுபாடு 1.6. குளிர்காலம் 200 நாள் எனவும், வீட்டின் உள்ளும் புறமும் சராசரியாக 12 பாகை வேறுபடும் எனவும் கொள்வோம். அவ்வாறாயின், ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 92 கிலோஉவாற்று மணி வெப்பம் மிஞ்சும். கொதிகலனில் வீணாவதையும் சேர்த்து, வாயு ஒரு கிலோஉவாற்று மணிக்கு ஆறேழு பென்ஸ் எனக் கொண்டால், சேமிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு பவுண். ஒரு சதுர மீற்றர் யன்னலை 700 பவுண் கொடுத்து மாற்றினால், அப்பணம் திரும்ப நூறு ஆண்டு செல்லும். 120 பவுண் கொடுத்துத் தொகுதியை மட்டும் மாற்றினால், பதினேழு ஆண்டிலே திரும்பும், கண்ணாடியும் தெளிவாகும்.

ஒற்றைக் கண்ணாடி உள்ள வீட்டின் கணக்கு வேறு. அங்கே கசிவின் வேறுபாடு 4.5. அதே முறையிற் கணக்கிட்டால், ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுச் சேமிப்பு 19 பவுண் அளவாகும். பணம் விரைவில் திரும்பாவிடினும், யன்னலருகே அமரும்போது உடலை உறைக்கும் குளிர் நீங்கும். சுவரிற் பூஞ்சணம் படிவதும் குறையும். ஒற்றையிலிருந்து இரட்டைக்குச் செல்வது பெரிய அடி. பழைய இரட்டையிலிருந்து புதிய இரட்டைக்குச் செல்வது சிறிய அடி. சிறிய அடிக்குப் பெரிய விலை கொடுப்பதே தவிர்க்கத்தக்கது.

அங்ஙனமாயின் யன்னல் முழுவதையும் மாற்றவே கூடாதா எனின், அவ்வாறன்று. மரச்சட்டம் உளுத்துப்போய், விரலால் அழுத்தினால் உள்வாங்குமாயின் மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்ரிக் சட்டம் வளைந்து மூடாமற் போனாலும், உலோகச் சட்டமே குளிரை உள்ளே கடத்தி நீர் வடியச் செய்தாலும் மாற்றுவது தகும். ஆனால் காற்று நுழைகிறது என்பதற்காக மாற்றவேண்டியதில்லை. பெரும்பாலும் அது இறப்பர்ப் பட்டி சுருங்கியதாலோ பிணைச்சல் தளர்ந்ததாலோ நேர்வது. அவற்றைச் சில பத்துப் பவுணில் மாற்றிவிடலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை யன்னல் விடயத்தில் அடிக்கடி நடக்கிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுள்ளது. இங்கிலாந்தில் யன்னல் முழுவதையும் மாற்றுவது 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் கட்டிட விதிகளுக்கு உட்பட்டது. 2022ஆம் ஆண்டு யூன் மாதம் முதல், புதிய மாற்று யன்னலின் வெப்பக் கசிவு 1.4ஐ விஞ்சக்கூடாது, அல்லது அது ‘பீ’ தரத்திற்குக் குறையக்கூடாது என்பது விதி. பொருத்துவோர் ‘பென்சா’ போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பொன்றிற் பதிந்தவராயின், வேலை முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கும். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் அதனைக் கேட்பார். கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றுவதற்கு இச்சான்றிதழ் தேவையில்லை. இதனை அறியாதோரிடம், “தொகுதியை மட்டும் மாற்றுவது சட்டப்படி செல்லாது” என்று ஒருவர் கூறினால், அது உண்மையன்று.

வாடகைக்கு இருப்போர் கைப்பணத்தைச் செலவிடுமுன் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். இங்கிலாந்தில், ஏழாண்டுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில், வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதுபார்ப்பது சொந்தக்காரரின் கடமை என 1985ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது.

வாங்குவோரைக் காக்கும் சட்டங்களும் உள்ளன. பொருள் திருப்தியான தரமுடையதாயும், வேலை தக்க கவனத்துடன் செய்யப்பட்டதாயும் இருத்தல் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். உத்தரவாதம் கொடுத்த கம்பனி மூடப்பட்டுவிட்டால் உத்தரவாதப் பத்திரம் வெறுங்கடதாசி ஆகிவிடும். ஆதலாற் காப்புறுதியுடன் கூடிய உத்தரவாதத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். நூறு பவுணுக்கு மேற்பட்டு முப்பதாயிரம் பவுண் வரையுள்ள பொருளுக்குக் கடனட்டையாற் பணம் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் சட்டப்படி அட்டை வழங்கிய வங்கியும் பொறுப்பேற்கவேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டிற்கு வந்து விற்போருடன் செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாகப் பதினான்கு நாளுக்குள் இரத்துச் செய்யலாம். ஆனால் வாங்குவோரின் அளவுக்கெனச் செய்யப்படும் பொருளுக்கு அவ்வுரிமை இல்லை என்ற விலக்கும் அவ்விதிகளிலேயே இருக்கிறது. யன்னலோ அளவெடுத்தே செய்யப்படுவது. ஆகவே, கையொப்பமிட்ட பின் யோசிக்கலாம் என்று எண்ணுதல் ஆபத்து.

“இன்றிரவே ஒப்பமிட்டால் விலையிற் பாதி கழிவு” என்ற பேச்சு இத்தொழிலிற் பழையது. நாளைக்கு இல்லாத கழிவு இன்றைக்கும் உண்மையான கழிவாக இருத்தல் அரிது. முன்பு ஏற்றிவைத்த விலையைப் பின்பு இறக்கிக் காட்டுவதே அதன் இரகசியம். இதற்கு இரையாவோர் பெரும்பாலும் தனித்து வாழும் முதியோர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த ஐயாயிரம் பவுணை அவர்கள் யன்னலுக்குக் கொடுத்துவிட்டு, மாரிகாலத்தில் வாயுக் கட்டணத்திற்கு அஞ்சி வெப்பத்தை நிறுத்திவைப்பார்களாயின், புதிய யன்னலுக்கு உள்ளே குளிர்ந்த அறையே மிஞ்சும். அதே பணத்தின் ஒரு சிறு பகுதியைக் கூரையின் உட்புறத்திற் கம்பளம்போன்ற வெப்பக்காப்புப் பொருளை விரிப்பதற்குச் செலவிட்டிருந்தால், வீடு கூடுதலாகச் சூடு பிடித்திருக்கும்.

எனவே, கண்ணாடி மங்கிய வீட்டுக்காரர் கேட்கவேண்டிய கேள்விகள் சில. பனிப்படலம் எந்தப் பக்கத்தில் உள்ளது? பழுதானது கண்ணாடித் தொகுதியா, பிணைச்சலா, சட்டமா? வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா? தொகுதியை மட்டும் மாற்ற என்ன விலை, யன்னல் முழுவதையும் மாற்ற என்ன விலை என இரண்டையும் தனித்தனியே எழுத்திற் பெற்றாயிற்றா? புதிய தொகுதியிற் பூச்சும் ஆகனும் உண்டா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதற்குக் காப்புறுதி உண்டா? இடைச்சலாகையின் மீது செய்த ஆண்டும் தரக்குறியும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். பழைய உத்தரவாதம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அதனைக்கொண்டே அறியலாம். மூன்று பேரிடமாவது விலை கேட்டல் வேண்டும். அவர்களுள் ஒருவர், கண்ணாடி மட்டும் மாற்றும் சிறு தொழிலாளியாக இருத்தல் நலம். ஏனெனில், யன்னல் முழுவதையும் விற்பவர் யன்னல் முழுவதையுமே பரிந்துரைப்பார்.

செருப்பின் அடித்தோல் தேய்ந்தால் அடித்தோலை மாற்றுவர். மிதிவண்டியின் குழாய் வெடித்தாற் குழாயை மாற்றுவர். கண்ணாடித் தொகுதியும் அவ்வாறே நீண்டநாள் உழைக்கும் சட்டத்தினுள் இருக்கும், காலத்தால் தேயும் ஓர் உறுப்பு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது குடும்பச் செலவில் எதிர்பார்க்கத்தக்கதே. அந்தச் செலவு நூறு பவுணா ஆயிரம் பவுணா என்பதைத் தீர்மானிப்பது, பழுதான உறுப்பு எது என்று கேட்டறியும் பழக்கமேயாகும்.